சாமான் அறைக்குள் போன கரண்டுப் பெட்டி

கடைக்குள் நுழைகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மணி நேரம் ஓடும்?" என்பதுதான். அவர் வாயை மூடுவதற்குள் பதில் சொல்லிவிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. உங்களில் இரண்டொருவர் அப்படி இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். படிக்கும்போது உங்களுக்கே உறைக்கும். எதை ஓட்டப் போகிறார் என்று கேட்காமல் மணிக்கணக்குச் சொல்வது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது போல.

காரைக்குடியில் பேட்டரியும் இன்வர்ட்டரும் விற்கிற கடையில்தான் என் வேலைக்காலம் முழுதும் போனது. ஆசிட் ஊற்றுகிற பேட்டரிக் காலத்தில் உள்ளே வந்தேன். அந்தக் காலத்துப் புடவைகள் எல்லாவற்றிலும் ஓட்டை. லித்தியம் பெட்டிகள் அலமாரி முழுக்க நிறைந்தபோது ஓய்வு பெற்று வெளியே வந்தேன். இப்போது, தூக்கிக்கொண்டு போகிற பேட்டரிப் பெட்டி விற்கும் பவர் ஸ்டேஷன் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "அக்கா, எதையாவது எழுதிக் கொடுங்க" என்கிறீர்கள். வாட்டும் வோல்ட்டும் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது, அதற்கு நான் எதற்கு? அச்சடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சந்தோஷமான விஷயம் இல்லை. முன்னாலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்னைக் குறை சொல்லாதீர்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு நகரத்தார் வீட்டுப் பிள்ளை கடைக்கு வந்தார். ஊர் கண்டரமாணிக்கம். அப்பாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்டு போனால் மெஷின் நின்றுவிடும். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். லீவு முடிந்து திரும்புவதற்குள் ஒரு வழி பண்ண வேண்டும் என்றார்.

"அதுக்கு இன்வர்ட்டர்தானே தம்பி நல்லது? சுவத்துல மாட்டி, ரெண்டு பெரிய பேட்டரி போட்டுட்டா நாள் பூராத் தாங்குமே" என்றேன்.

அவர் சிரித்தார். "பங்காளி வீடும்மா. நடு முத்தம், அந்த வளவச் சுத்தி ஆளுக்கொரு அறை. வயரு பொதுச் சொவரு வழியா வரணும். ஆணி அடிக்கவே எல்லாரும் சரின்னு சொல்லணும். ஒருத்தர் மலேசியாவுல இருக்காக, ஒருத்தர் பெங்களூர்ல. கேட்டுப் பாத்தேன். 'அந்தச் சாந்துப் பூச்சுல ஓட்டை போட்டா இன்னைக்கு யாரு அடைக்கிறது'ங்கிறாக. அவுக சொல்றதும் நியாயந்தான்."

நம் பக்கத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு ஸ்விட்ச்சை இடம் மாற்ற ஊர் ஊராகப் போன் போட வேண்டும். அந்த மாதிரி வீடுகளுக்குத்தான், சுவரைத் தொடாமல் தரையில் வைக்கிற இந்தப் பெட்டி வரப்பிரசாதம். ஆகவே அவர் கேட்டது சரியான பொருள்தான்.

கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து நிறையத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். ஆனால் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த எண்ணில் மயங்கி நின்றார். அது மோட்டார் கிளம்பும்போது ஒரு கணம் தாங்குகிற வாட். தொடர்ந்து எவ்வளவு தரும் என்பது கீழே, மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில் இருந்தது. ஆக்சிஜன் மெஷினுக்குள் கம்ப்ரஸர் இருக்கிறது, அதற்கு இரண்டுமே வேண்டும். கரண்டின் அலை சுத்தமாக வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் உறுமும், சூடாகும். பேட்டரி லித்தியம் பாஸ்பேட் ரகமாக இருந்தால் ஆயுசு அதிகம், தீப்பிடிக்கிற பயம் குறைவு. இதெல்லாம் நீங்களும் சொல்வீர்கள்.

அப்பா மெஷின் முந்நூற்றைம்பது வாட் எடுத்தது. அவர் கை வைத்தது ஆயிரம் வாட்-ஹவர், அதாவது ஆயிரம் வாட்டை ஒரு மணி நேரம் தருகிற பெட்டி. கணக்குப் போட்டு, "கிட்டத்தட்ட மூணு மணி நேரம்" என்றார். "பெட்டி தனக்குன்னு கொஞ்சம் எடுத்துக்கிரும் தம்பி. ரெண்டரை மணி நேரம்னு வச்சுக்கங்க" என்றேன். உடனே இரட்டிப்புப் பெரிய பெட்டியைக் காட்டினார். "தூக்குங்க" என்றேன். தூக்கினார், முகம் சிவந்தது. "இப்ப உங்க அம்மாவ நெனச்சுக்கிட்டுத் தூக்குங்க" என்றேன். கீழே வைத்துவிட்டு ஆயிரத்தையே வாங்கிக்கொண்டார். யானையை வாங்கிக் கட்டினால் மட்டும் போதாது, பிடித்து நடத்துகிற ஆளும் வீட்டில் வேண்டும்.

மாதம் ஒருமுறை சார்ஜ் போட வேண்டும், வேலை முடிந்தால் அணைத்துவைக்க வேண்டும் என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். வாங்குகிறவர் காதில் மணி நேரம் மட்டும்தான் ஏறும். ஆனால் நல்ல பிள்ளை. கிளம்பும்போது, "இனி நான் அங்குட்டு நிம்மதியாத் தூங்குவேம்மா" என்றார். விற்றவளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

பிறகு சில மாதங்கள் போயின. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், திடீரென்று வானம் கறுத்துக் காற்றடித்தது. விளம்பரப் பலகைகள் பறந்தன, மரங்கள் சாய்ந்தன, டவுனிலும் கரண்டு இல்லை. கடையில் ஓயாமல் போன் அடித்தது. மெக்கானிக்குகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அப்போது ஒரு அழைப்பு.

"நான் கண்டரமாணிக்கத்துலருந்து பேசுறேன். எங்க மகன் உங்ககிட்ட ஒரு பெட்டி வாங்குனான். அது எரியவே மாட்டேங்குதும்மா."

"ஆச்சி, பதறாதீக. முன்னாடி பெரிய பட்டன் இருக்கும், அத அமுக்கியே புடிங்க."

"புடிச்சுப் பாத்துட்டேன். ஒன்னுமில்ல. அவுகளுக்கு மூச்சு இழுக்குதும்மா."

பின்னால் அந்த இழுப்பு எனக்கே கேட்டது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டதாம். மழையில் வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்களாம். வீட்டிலிருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரில் முள் அடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடையில் அதே பெட்டி வேறு ஸ்டாக் இல்லை. காட்சிக்கு வைத்திருந்தது ஒன்றுதான் இருந்தது. காலையில் வந்தவர்களுக்கெல்லாம் அதில் மிக்ஸி ஓட்டிக் காட்டியிருந்தோம், பாதிதான் மிச்சம். சார்ஜ் போடக் கடையிலும் கரண்டு இல்லை. அதைத் தூக்கி வேனில் வைத்துக்கொண்டு டிரைவரோடு நானே கிளம்பினேன். கடையை யார் பார்ப்பது என்று முதலாளி கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

போய்ச் சேர்ந்தபோது சிலிண்டர் தீர்ந்திருந்தது. பெரியவர் செட்டியார், வளவுத் தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆச்சி பனைவிசிறியால் வீசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வாசலுக்கும் வளவுக்கும் நடந்துகொண்டிருந்தார். எங்கள் பெட்டியை இறக்கி ஆக்சிஜன் மெஷினைச் சொருகியதும் அது முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. குழாயை மூக்கில் வைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள்கள் இறங்கின.

அப்புறம்தான் அவர்களுடைய பெட்டியைப் பார்த்தேன். மேலே ஒரு வெள்ளை வேட்டி சுற்றி, புதுக் கருக்குக் கலையாமல் இருந்தது.

"எங்க வச்சுருந்தீக ஆச்சி?"

"சாமான் அறையில. பூட்டித்தான்."

"நடுவுல கரண்டு போகலையா?"

"போகாம? வாரத்துக்கு ரெண்டு மூணு தரம் போகும். அவுக எடுக்க விட மாட்டாக. 'அரை மணிக்கும் ஒரு மணிக்கும் அத எடுக்காத. போட்ட முதல்ல கை வைக்கக் கூடாது. பெருசா ஒன்னு வரும், அன்னைக்கு எடுத்துக்கலாம்'னு சன்னல் பக்கமாப் போயி உக்காந்துக்கிருவாக. சிலிண்டரக்கூட ரொம்ப முடியாட்டித்தான் தொறக்க விடுவாக."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கொடுக்கல் வாங்கல் நடத்திய குடும்பம். முதல் பணத்தைத் தொடாமல் பூட்டி வைத்தால் அது அப்படியே கிடக்கும், ஆபத்துக்கு உதவும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறிய அறிவு. பேட்டரி அப்படி இல்லை என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது? சின்னச் சின்னக் கரண்டுக் கட்டுகளை எல்லாம் மூச்சுத் திணறித் திணறிக் கழித்து, ஒரு பெரிய நாளுக்காக மிச்சம் பிடித்திருக்கிறார். உள்ளே மிச்சம் எதுவுமே இல்லை. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

எங்கள் பெட்டியின் திரையில் ஒரு மணி நேரமும் கொஞ்சமும் மிச்சம் என்று காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர், "லைன்மேன் போயிட்டாக. இப்ப வந்துரும், செத்த பொறுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அங்கேயே இருந்து கரண்டு வந்துவிட்டால் அவருக்கு அலைச்சல் மிச்சம். வராவிட்டால், பெட்டி தீர்ந்த பிறகு கிளம்ப முடியாது. வழியில் மூச்சுக்கு ஒன்றும் இருக்காது. பெட்டியில் இருப்பது காத்திருப்பதற்கான நேரமா, போய்ச் சேர்வதற்கான நேரமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எந்தப் பெட்டியும் தாங்காது.

"கெளம்புவோம்" என்றேன்.

செட்டியார் கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். "கொஞ்சம் தேவலை... அத அமத்துங்க... மிச்சம் இருக்கட்டும்... பெருசா வந்தா வேணும்" என்றார், மூச்சு மூச்சாக.

"ஐயா, பெருசு இதுதான். வந்துருச்சு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லவில்லை. வேனில் பெட்டியும் மெஷினும் ஒரு பக்கம், ஆச்சி மடியில் அவர் தலை ஒரு பக்கம். சாய்ந்த மரங்களை ஒதுக்கி ஒதுக்கி டிரைவர் ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பெட்டியில் இன்னும் கொஞ்சம் ஓட்டம் இருந்தது. கண்டரமாணிக்கத்தில் கரண்டு மறுநாள்தான் வந்ததாம். அதனால் நான் எடுத்த முடிவு சரி என்று கடையில் எல்லோரும் மெச்சினார்கள்.

ஆனால் அவர் பிழைக்கவில்லை. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, மகன் வந்து சேர்ந்து முகம் பார்த்த பிறகு போய்விட்டார். நுரையீரலில் ஏற்கெனவே சளி கட்டியிருந்தது என்றார் டாக்டர். அன்றைக்கு மூச்சு முட்டியது காரணமா என்று கேட்டதற்கு, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்த 'இருக்கலாம்' போதாதா ஒரு குடும்பத்துக்கு?

காரியம் முடிந்து மகன் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. "நான் திரும்பிப் போறதுக்குள்ள இது ஏன் வேலை செய்யலைன்னு எனக்குத் தெரியணும். கம்பெனி மேல தப்புன்னா நான் விட மாட்டேன். வீட்டுல சரியாப் பாத்துக்கலைன்னா அதையும் சொல்லிருங்க" என்றார். வீட்டில் என்றால் வேறு யார்? அம்மாவைத்தான் சொன்னார்.

அடியோடு தீர்ந்துபோன லித்தியம் பேட்டரி தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். மெக்கானிக் அதை மெல்ல மெல்ல ஊட்டி எழுப்பினார். பெட்டியில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் திரை எரிந்ததும், யாரும் தொடாமலே, மெஷின் சொருகுகிற துளைக்குக் கரண்டு விடுகிற ஏ.சி. பட்டனில் பச்சை விளக்கு வந்தது. கடைசியாக எப்படி இருந்ததோ அதை நினைவு வைத்துக்கொள்கிற ரகம் அது. அதாவது, பட்டன் போட்டபடியே அது சாமான் அறைக்குள் போயிருக்கிறது. ஒன்றும் சொருகாமல் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிற வசதி ஒன்று உண்டு, அதையும் யாரோ தேடிப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பூட்டிய அறைக்குள் ஒரு வேலையும் செய்யாமல் தன் சார்ஜைத் தானே தின்று, சில நாளிலேயே தீர்ந்திருக்கும். மற்ற மாதமெல்லாம் அங்கே இருந்தது வெறும் பெட்டி.

பெட்டியை நானே அவர்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். மகன் முன்வாசலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே ஆச்சி மட்டும் இருந்தார். பட்டனில் யார் கை பட்டிருந்தாலும், சார்ஜ் போடாதது மட்டும் காரணமில்லை என்று சொல்லி அந்த அம்மாள் மனசை ஆற்றுவோம் என்றுதான் பேச்சை எடுத்தேன்.

"ஆச்சி, இந்தப் பச்ச வெளக்கு எரிஞ்சமேனிக்கே உள்ள போயிருக்கு. ஒன்னும் சொருகாட்டாலும் அது கொஞ்சங் கொஞ்சமாத் தின்னுக்கிட்டே இருக்கும். நீங்க பூட்டி வச்ச அந்த வாரமே தீந்துருக்கும்."

ஆச்சி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அத அமுக்கி வச்சது அவந்தான்" என்றார்.

"யாரு, தம்பியா?"

"பொறப்படுற அன்னைக்கு. 'ஆத்தா, நீங்க பட்டனெல்லாம் தேட வேணாம், நான் போட்டே வச்சுருக்கேன், சொருகுனாப் போதும். அப்பச்சி தூங்கும்போது தானா நின்னுறாம இருக்க அதையும் மாத்தி வச்சுட்டேன்'னு சொன்னான். போன்ல பாத்துப் பாத்துச் செஞ்சான், பாவம். மறுநா அவுக அத அப்படியே கட்டி உள்ள வைக்கச் சொன்னாக. வச்சேன்."

 மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த அக்கறையில் ஒரு பிசகும் இல்லை. அம்மாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று பிள்ளை போட்டு வைத்தார். பிள்ளை கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று அப்பா சேமித்தார். அவர் சொல்லைத் தட்டாமல் ஆச்சி பூட்டினார்.

"அவன்ட்டச் சொல்லாதீக" என்றார் ஆச்சி.

"ஆச்சி, தம்பி உங்க மேலதான கோவமா இருக்காக?"

"இருந்துட்டுப் போறான். எனக்கு இன்னும் எத்தனை காலம்? அவனுக்கு நெறையக் கெடக்கு. அத அவன் தூக்கிக்கிட்டு எங்குட்டுப் போவான்? நானே வச்சுக்கிறேன்."

விற்ற பொருளுக்கு என்ன ஆயிற்று என்று வாங்கியவர் கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். இன்றும் அதையேதான் சொல்வேன். அன்றைக்கு மட்டும் என்னால் முடியவில்லை. அது சரியா தப்பா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வராமல் இருக்கட்டும். அதற்காகத்தான், விற்ற வாரமே ஒருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள் என்று உயிரை வாங்குகிறேன். பெட்டி எங்கே இருக்கிறது, விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா, அதை எப்போது எடுப்பதாக இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். போனில் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

மகன் உள்ளே வந்தார். "என்னம்மா சொல்லுது? மெஷின்ல கோளாறா?"

"கோளாறு இல்லை தம்பி" என்றேன்.  "சார்ஜ் இல்லாமப் போயிருக்கு."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "மாசத்துக்கு ஒரு தரம் ஒரு வயரச் சொருகி வைக்கிறது அவ்வளவு கஷ்டமா ஆத்தா? போன் பண்ணுறப்பல்லாம் கேட்டேனே. போட்டேன் போட்டேன்னு சொன்னீகளே" என்று கத்தினார். வளவு முழுக்க அந்தச் சத்தம் சுற்றி வந்தது.

"மறந்துட்டேம்ப்பா" என்றார் ஆச்சி.

வாயைத் திறந்துவிட்டேன். ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன். மகன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அழுகாதப்பா" என்றார், முதுகைத் தடவிக்கொண்டே. "நீ எல்லாம் சரியாத்தான செஞ்சுட்டுப் போன. உன் மேல என்ன இருக்கு?"